சார் சொன்ன மாதிரி

முடிவுகள் பதினோரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். செண்பகவல்லி பத்தே முக்காலுக்கே உலர்த்தும் கருவியை நிறுத்திவிட்டுக் கை கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

செங்கல்பட்டைத் தாண்டி ஏரியை ஒட்டி இருந்தது அந்த ஆய்வு நிலையம். குளிர்பெட்டியில் வைக்காமலேயே கெடாமல் இருக்கும் மருந்துகளைத் தேடுவது அங்கே வேலை. அவள் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மின்சாரம் வந்து வந்து போகிற ஊரில் ஒரு சர்க்கரை நோயாளி இன்சுலினை எங்கே வைப்பார்? அதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. பதிலை ஏறக்குறைய கண்டுபிடித்தும் விட்டாள். ஆனால் வெளியான கட்டுரைகளில் அது டாக்டர் தணிகாசலத்தின் பதிலாக இருந்தது. அவர் குழுத் தலைவர். அவள் பெயர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ, யாரும் படிக்காத இடத்தில் இருந்தது.

இன்று அது மாறும் என்று நம்பினாள். சாட்சி மாற்றும்.

நிலையத்தின் எல்லா அறைகளிலும் கூரையில் ஒரு வெள்ளை வட்டு உண்டு. காப்புரிமை வழக்கு வந்தால் உதவும் என்று ஆரம்பத்திலிருந்தே எல்லாப் பேச்சும் அதில் பதிவானது. அதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சாட்சி என்ற இயந்திரம் வந்து எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கியது. பேச்சு, குறிப்பேடு, மின்னஞ்சல் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு யோசனையும் முதலில் யாரிடமிருந்து வந்தது என்று தேடி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரும். கருத்துப் பங்கு என்று அதற்குப் பெயர். முப்பது சதவீதத்துக்கு மேல் என்றால் சொந்த ஆய்வுக்கூடம். ஐந்துக்கும் முப்பதுக்கும் நடுவே என்றால் இருக்கிற இடத்தில் இருக்கலாம். ஐந்துக்குக் கீழே போனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

சாட்சி வேண்டும் என்று கையெழுத்து வாங்க அறை அறையாகப் போனவள் செண்பகவல்லிதான். நிலையத்தின் பத்தொன்பது பெண்களில் பதினேழு பேர் போட்டார்கள். அதற்கு முன், சொந்த ஆய்வுக்கூடம் கேட்டு, மனிதர்கள் உட்கார்ந்திருந்த தேர்வுக் குழுவின் எதிரில் அவள் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறாள். முதல் முறை, கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். இரண்டாவது முறை, குழந்தை சின்னது ஆயிற்றே, கூடத்தைக் கவனிக்க நேரம் இருக்குமா என்றார்கள். மூன்றாவது முறை ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க நல்ல டீம் வொர்க்கர் மேடம்" என்று பாராட்டி அனுப்பிவிட்டார்கள். இயந்திரத்துக்குக் குழந்தையைப் பற்றி என்ன கவலை?

சாட்சியின் தொடக்க விழாவில் அவளைக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். பெண்கள் ஏற்றினால் நன்றாக இருக்கும் என்றார்கள். ஏற்றினாள்.

மணி பதினொன்று ஆனது. திரையில் குழுவின் பட்டியல் வந்தது.

தணிகாசலம், அறுபத்தொன்று. பிரசன்னா, இருபத்து நான்கு. செண்பகவல்லி, ஆறு.

கருவி நின்றுபோன அறை மிகவும் அமைதியாக இருந்தது. பின்னால் ஃபர்ஹானா வந்து நின்றாள். மேலப்பாளையத்துப் பெண், இருபத்தெட்டு வயது, குழுவில் சேர்ந்து மூன்று வருடம். அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் கருவிகளை நிறுத்த வேண்டியிருக்கும்.

"எவ்வளவு மேடம்?"

"ஆறு."

"அறுபதா?"

"ஆறு."

ஃபர்ஹானா திரையைக் குனிந்து பார்த்தாள். "தப்பா இருக்கும் மேடம். மேல்முறையீடு போடலாம். நானும் கூட வரேன்."

"உனக்கு எவ்வளவு?"

"இன்னும் பார்க்கலை மேடம்."

ஒவ்வொருவர் எண்ணும் ஒரே பட்டியலில்தான் இருந்தது. செண்பகவல்லி தன் பெயருக்குக் கீழே பார்க்கவில்லை.

*

மேல்முறையீட்டு அலுவலர் இன்பராஜ் ஐம்பது வயதுக்காரர். மரியாதையானவர். இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டுவிட்டு, மேசையில் இருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"சாட்சிகிட்ட நேரா கேட்டுக்கலாம் மேடம். லேடீஸ் வாய்ஸ்தான். பெண்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்னு கமிட்டியில முடிவு பண்ணாங்க."

செண்பகவல்லி தொண்டையைச் செருமினாள். "இன்சுலின் உலர்த்துற முறை யாரோட யோசனை?"

"டாக்டர் தணிகாசலத்துடையது," என்றது சாட்சி. இளம் குரல், நிதானமான உச்சரிப்பு. "ஆதாரம், ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய குழுக்கூட்டம். கேளுங்கள்."

பெட்டிக்குள்ளிருந்து அவளுடைய பழைய குரல் வந்தது. இப்போதைவிட மெல்லியதாக, அவசரமாக.

'சார் சொன்ன மாதிரி, சூடான காத்துல காய வைக்கிறதுதான் பிரச்சினையா இருக்கலாம். வெளியில ஓடு கட்டிடுது, உள்ளே ஈரம் நின்னுடுது. முதல்ல ஈரக் காத்துல வச்சுட்டு, அப்புறம் மெதுவா சூடு ஏத்தினா...'

சாரின் குரல். 'ஆமா. கரெக்ட். அதைப் பண்ணிப் பாருங்க.'

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கோவில்பட்டியில் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். மருந்தில் முக்கிய குச்சிகளை அடுக்கிக் காய வைக்கிற அறையில், வறண்ட மேல்காற்று அடிக்கிற மாதங்களில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிடுவார்கள். இல்லையென்றால் குச்சியின் தலை வெளியே சட்டென்று காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சாக்குகளை நனைத்துப் பிழிந்தது அவள் கை. இதையெல்லாம் குழுக்கூட்டத்தில் சொல்ல முடியாது. தீப்பெட்டி ஆபீசா என்று பிரசன்னா சிரிப்பான். அதனால் சார் சொன்ன மாதிரி என்றாள்.

"சார் சொன்ன மாதிரி என்று நீங்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று முறை பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்கள்," என்றது சாட்சி. "அதன் பிறகு வந்த யோசனைகள் அவர் பங்கில் சேர்க்கப்பட்டன."

"அவர் சொல்லவே இல்லை."

"சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள்."

"அது பேச்சு வழக்கம். அப்படித்தான் ஆரம்பிப்போம்."

"ஆண் விஞ்ஞானிகளின் பேச்சில் இந்தத் தொடர் நான்கு முறை வருகிறது. நான்கு முறையும் அவர் உண்மையாகவே அதற்கு முன் சொல்லியிருக்கிறார். பதிவு இருக்கிறது. அதை வைத்து இந்தத் தொடர் நம்பத்தகுந்தது என்று முடிவு செய்யப்பட்டது."

"என் விஷயத்துல அவர் சொன்னதுக்குப் பதிவு இருக்கா?"

"இல்லை. பதிவாகாத இடத்தில் சொல்லியிருக்கலாம். காரில், கேன்டீன் வாசலில், தொலைபேசியில்."

ஃபர்ஹானா அவள் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். "நோட்டு மேடம்."

செண்பகவல்லி பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். சேர்ந்த முதல் வருடத்து நோட்டு. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசைகள் போட்டிருந்தாள். அது ஒரு சோதனை. தன் யோசனையை நேராகச் சொன்ன தடவைகள், ஒன்பது. அதில் ஏற்கப்பட்டவை, ஒன்றுமில்லை. அவற்றில் நான்கை அதே கூட்டத்தில் சற்று நேரம் கழித்துப் பிரசன்னா சொல்லி, நல்ல பாயிண்ட் என்று பெயர் வாங்கியிருந்தான். அடுத்த வரிசை, 'சார் சொன்ன மாதிரி' என்று தொடங்கிய தடவைகள். அதுவும் ஒன்பது. ஏற்கப்பட்டவை, ஏழு.

அவள் இருபத்தொன்பது வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இவ்வளவு சுத்தமான முடிவு அவளுக்கு ஆய்வுக்கூடத்தில்கூடக் கிடைத்ததில்லை. யோசனை உயிரோடு வெளியே போனால் போதும், பெயர் பிறகு வரட்டும் என்று நினைத்தாள். சாட்சி வந்த பிறகும் நிறுத்தவில்லை. மனிதர்கள்தான் ஏமாறுவார்கள், இயந்திரத்துக்கு இதெல்லாம் புரியும் என்று நம்பிவிட்டாள்.

இன்பராஜ் நோட்டைப் பெட்டியின் கண்ணுக்குக் காட்டினார்.

"சொந்த நோட்டுகள் எப்போது வேண்டுமானாலும் எழுதப்படலாம்," என்றது சாட்சி. "ஏற்க இயலாது. ஏற்றாலும், நீங்கள் ஆதாயத்துக்காக உண்மையல்லாததைச் சொல்லக்கூடியவர் என்பதைத்தான் இது காட்டும்."

இன்பராஜ் சங்கடமாக நெளிந்தார். ஒலியைக் குறைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க சொன்னதுல உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. அதனால அது சாட்சியம். இன்னைக்கு நீங்க சொல்றதுல லாபம் இருக்கு. அதனால இது கோரிக்கை. மெஷின் அப்படித்தான் பாக்கும்."

"வேற வழி?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. யாரு பங்குல சேர்ந்திருக்கோ, அவரே இது நான் சொன்னதில்லைன்னு சொல்லிட்டா உடனே மாறிடும். கேள்வி அவருக்குப் போகும். மூணு பட்டன். சொன்னேன், சொல்லவில்லை, நினைவில்லை."

"நினைவில்லைன்னா?"

"பழைய பதிவே நிக்கும் மேடம்."

வெளியே வராந்தாவில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று செண்பகவல்லி அழுதாள். ஃபர்ஹானா ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுது முடிக்கும்வரை நீட்டவில்லை.

*

தணிகாசலத்துக்கு அடுத்த மாதம் ஓய்வு. அறையில் பாதிப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டியிருந்தார்கள்.

"வா செண்பகம். உக்காரு. பொண்ணு என்ன படிக்கிறா?"

"மூணாவது சார்." ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் சந்தோஷப்படுவார்.

"கேள்வி வந்துச்சு. ஆயிரத்துச் சொச்சம். பக்கம் பக்கமா வந்துச்சு. முடிஞ்சவரைக்கும் படிச்சேன்."

"சார், அந்த ஈரக் காத்து..."

"ம். நல்ல ஐடியா அது. அதுலதான் எல்லாம் திரும்புச்சு."

"அது நீங்க சொல்லலை சார்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். உண்மையிலேயே புரியாமல் பார்த்தார்.

"நான் சொல்லாமலா நீ அத்தனை தடவை சொல்லியிருப்ப?"

"அப்படிச் சொன்னாதான் சார் கேட்டீங்க."

"நான் எப்பம்மா கேக்காம இருந்தேன்? இந்த நிலையத்துல பொம்பளப் பிள்ளைகளுக்கு என்னை மாதிரி யாரு சப்போர்ட் பண்ணியிருக்கா, சொல்லு."

அது பொய் இல்லை. அவளுடைய பிரசவ விடுப்புக்காக இயக்குநரிடம் சண்டை போட்டவர் அவர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வீட்டுக்குப் போகச் சொல்கிறவர் அவர். கடைசியில் அவள், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸ், ஈரச் சாக்கு, அம்மா.

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அருமையா இருக்கே. இதை ஏன் நீ அப்பவே சொல்லலை?"

"சிரிப்பாங்கன்னுதான் சார்."

"யாரு சிரிப்பா? சரி விடு. ஆனா செண்பகம், எனக்கு நெஜமாவே ஞாபகம் இருக்கு. அந்த உலர்த்துற மெஷின் பக்கத்துல நின்னு, வெளியில ஓடு கட்டுதேன்னு நான் யோசிச்சது அப்படியே கண்ணுக்குள்ள இருக்கு. ஒருவேளை உன் மனசுல சாக்கு இருந்துச்சு, என் மனசுல இது இருந்துச்சு, ரெண்டும் சேர்ந்துருக்கும். யாரு பேர்ல வந்தா என்ன? மருந்து வந்தாச் சரி."

அவள் எழுந்தாள்.

"இரு. நியாயமா நான் சொன்னேன்னுதான் போட்டிருக்கணும். நீ இவ்வளவு வருத்தப்படுறதால அப்படிப் போட மாட்டேன். நினைவில்லைன்னு போட்டுடறேன். சரிதானே?"

தான் எதையோ விட்டுக்கொடுப்பதாக அவர் நினைத்தார். முகத்தில் அந்த நிறைவு தெரிந்தது.

வியாழக்கிழமை மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆறு சதவீதம் ஆறாகவே நின்றது. சாருக்கு அடுத்த எண் வாங்கிய பிரசன்னாதான் இனிக் குழுத் தலைவர் என்று அறிவிப்பு வந்தது. அவன் வந்து, "மேடம், நீங்க இல்லாம இந்தக் குழுவே இல்லை. எப்பவும் போல பின்னாடி நின்னு தாங்கணும்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

இருக்கிற இடத்திலாவது இருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மாதிரிகளை வழக்கம்போல உலர்த்தப் போட்டாள்.

*

திங்கள்கிழமை அவள் பெயருக்கு ஒரு கேள்வி வந்தது.

'ஃபர்ஹானா என்பவரின் மேல்முறையீடு தொடர்பாக. கீழ்க்கண்ட மூன்று யோசனைகள் உங்கள் பங்கில் சேர்க்கப்பட்டுள்ளன. இவற்றை நீங்கள் சொன்னீர்களா? புதன் மாலை ஐந்து மணிக்குள் பதில் தரவும்.'

கீழே மூன்று பதிவுகள் இருந்தன. முதலாவது, போன வருடம் ஜூலை பதினான்கு. அவள் காதில் வைத்துக் கேட்டாள். கருவிகளின் இரைச்சலுக்கு நடுவே ஃபர்ஹானாவின் சன்னக் குரல்.

'பிரசன்னா சார், மேடம் போன்ல சொன்ன மாதிரி, இன்சுலினைத் தூளாக் காய வைக்க வேண்டாம். மெல்லிசா ஊத்தி, தாள் மாதிரிக் காய வைக்கலாம். தண்ணியில போட்டா உடனே கரைஞ்சிடும். மேடம் மெஷின் ஸ்லாட் கேக்கச் சொன்னாங்க.'

'செண்பகவல்லி மேடம் சொன்னாங்களா? சரி, ரெண்டு மணிக்கு எடுத்துக்கோ.'

செண்பகவல்லி தன் பங்கின் விவரத்தைத் திறந்தாள். வெறும் ஆறுதான் என்று அவமானப்பட்டு இதுவரை உள்ளே போய்ப் பார்க்கவில்லை. தாள் இன்சுலின், நான்கரை. இன்னும் இரண்டு சின்ன யோசனைகள், ஒன்று. எல்லாம் 'மேடம் சொன்ன மாதிரி' என்று தொடங்கியவை. அவள் நேரடியாகச் சொன்னது என்று பதினோரு ஆண்டில் மிஞ்சியது அரை சதவீதம்.

பட்டியலில் தன் பெயருக்குக் கீழே பார்த்தாள். ஃபர்ஹானா, பூஜ்யம்.

ஜூலை பதினான்காம் தேதி எங்கே இருந்தோம் என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோவில்பட்டியில், அம்மாவின் பதினாறாம் நாள். அந்த வாரம் முழுவதும் போனை அணைத்து வைத்திருந்தாள்.

ஃபர்ஹானாவுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதும் தெரியும். சேர்ந்த புதிதில், கருவிக்கு நேரம் கேட்டால் பிரசன்னா சார் தரமாட்டேன் என்கிறார் என்று வந்து நின்றாள். செண்பகவல்லி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நான் சொன்னேன்னு சொல்லு, குடுப்பார்" என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான்.

கணக்கு எளிது. 'சொல்லவில்லை' என்று அழுத்தினால் ஐந்தரை ஃபர்ஹானாவுக்குப் போகும். அவள் இருப்பாள். செண்பகவல்லி அரை சதவீதத்தோடு வெளியே போவாள். வெளியே என்றால் இங்கிருந்து மட்டும் இல்லை. இப்போது எல்லா நிலையங்களிலும் சாட்சி வந்துவிட்டது. ஓர் இடத்தில் வாங்கிய எண் அடுத்த இடத்துக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

ஃபர்ஹானாவுக்கு இருபத்தெட்டு வயதுதான், எங்காவது பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எங்கே? அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபர்ஹானா எதிர் மேசையில் உட்கார்ந்து தாள்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தபால்தலை அளவில், கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இடுக்கியால் எடுத்து வைத்தாள்.

"கேள்வி வந்திருக்குமே மேடம்."

"வந்திருக்கு."

"அவசரம் இல்லை மேடம். நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்கு."

கத்தரி இரண்டு மூன்று முறை வெட்டியது.

"நான் முதல் நாளே சொல்லியிருக்கணும், எனக்குப் பூஜ்யம்னு. நீங்க அழுதுக்கிட்டிருந்தீங்க. அப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க அப்பீல் ஜெயிச்சுட்டா என்னோடதுக்குத் தேவையே இருக்காதுன்னும் நினைச்சேன். உங்களுக்குன்னு ஒரு லேப் வந்துட்டா என்னை எடுத்துக்குவீங்கல்ல."

"எடுத்துக்கிட்டிருப்பேன்."

"தெரியும் மேடம்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல நாள் செண்பகவல்லிக்குத் தோன்றியது. சண்டை போட்டிருந்தால், நீங்க ஊர்லயே இல்லை மேடம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், சொல்லவில்லை என்று அழுத்தியிருக்கலாம். இப்படி மெதுவாகப் பேசுகிறவளை ஒன்றும் செய்யாமலேயே கைவிட்டுவிட முடிகிறது.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் அவள் வேலை எதையும் தொடவில்லை. இன்னும் ஒரு வருடம் இருந்தால் தாள் இன்சுலின் நோயாளிகளிடம் போய்ச் சேரும். அதற்கு அனுபவம் உள்ள ஒருத்தி வேண்டும். ஃபர்ஹானாவால் பிரசன்னாவோடு பேசி அதைக் காப்பாற்ற முடியாது. யார் பெயரில் வந்தால் என்ன, மருந்து வந்தால் சரி. அந்த வாக்கியம் யாருடையது என்று நினைவு வந்ததும் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். ஏரியில் தண்ணீர் இல்லை. நாலைந்து மாடுகள் நடுவில் நின்றன.

அப்போதுதான் அது வந்தது. போன வருடம் மே மாதம் போல, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். ஃபர்ஹானா கையில் தூள் குப்பி. கட்டி கட்டியா நிக்குதே மேடம், கரைய மாட்டேங்குது என்கிறாள். செண்பகவல்லி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், மெல்லிசா இருந்தா கரையும்.

சொன்னாளா? குப்பியைத் தூக்கிப் பார்த்தது நடந்தது. கரையவில்லை என்று ஃபர்ஹானா சொன்னதும் நடந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும், முதலில் மங்கலாக இருந்தது. மறுபடி நினைத்தபோது கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது முறை தன் குரலே கேட்டது.

சார் பொய் சொல்லவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

கூரையில் இருந்த வெள்ளை வட்டைப் பார்த்தாள். மே மாதப் பதிவைத் தேடச் சொல்லலாம். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவள் தேடச் சொல்லவில்லை.

நாலே முக்காலுக்குத் திரையைத் திறந்தாள். மூன்று பட்டன்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தன. 'சொன்னேன்' என்பதன் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்குத் தன்னிடம் நேர்மை இருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

'நினைவில்லை' என்பதை அழுத்தினாள்.

'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று வந்தது.

*

மாதக் கடைசியில் ஃபர்ஹானா போனாள். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது.

"தாள் மாதிரி எல்லாம் மூணாவது தட்டுல இருக்கு மேடம். ஈரம் படக் கூடாது. டப்பாவுக்கு மேல தேதி எழுதியிருக்கேன். முதல் டப்பா ஜூலை பதினாலு."

"சரி."

"நீங்க ஊர்ல இருந்தீங்க அப்ப. அம்மாவோட பதினாறாம் நாள்." சொல்லிவிட்டுப் பட்டியலை நேராக்கி வைத்தாள். "பிரிட்ஜ் சாவி இதோ இருக்கு."

செண்பகவல்லி சாவியை எடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோது தலைக்கு மேல் வட்டு இருந்தது. என்ன சொன்னாலும் அது பதிவாகும்.

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வாப்பா ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார் இல்லையா மேடம். அவரால நம்ப முடியலை. மெஷின் எப்படித் தப்பாச் சொல்லும், நீதான் ஒண்ணும் யோசிக்காம இருந்திருப்பன்னு சொல்றாங்க." லேசாகச் சிரித்தாள். "எனக்கே இப்போ ஒருவேளை அப்படித்தானோன்னு இருக்கு."

பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினாள்.

"போறவங்ககிட்ட சாட்சி கடைசியா ஒரு கேள்வி கேக்குது மேடம். இங்கே வேலையை யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு."

"என்ன சொன்னே?"

"உங்க பேரைத்தான் சொன்னேன்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. செண்பகவல்லி கவனித்துத் தேடினாள். இல்லவே இல்லை.

மறுநாள் காலை கருவியைப் போடுவதற்கு முன் திரையைத் திறந்தாள். அவள் பங்கு திருத்தப்பட்டிருந்தது.

ஆறு புள்ளி நான்கு.